செல்லப்பன் ஓடிப்போகவில்லை

கொச்சி வக்கீல் சுதீர் பொய் எழுதியிருக்கிறார். எழுதியபோது அது பொய் என்று அவருக்குத் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்தும் திருத்தாமல் இருக்கிறார். அதனால் அதைப் பொய் என்றே சொல்கிறேன்.

நான் எழுத்துக்காரி இல்லை. கருங்கல்லில் மாவு மில் வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாக மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவள். மெதுவாகச் சொல்ல எனக்கு வராது.

சுதீர் வக்கீல் மட்டும் இல்லை, பத்திரிகையிலும் எழுதுகிறவர். சனிக்கிழமைதோறும் ஒரு மலையாளப் பத்திரிகையில் அவர் பத்தி வரும். என் தம்பி பெண்டாட்டி நெய்யாற்றின்கரைக்காரி, அதை விடாமல் வாசிப்பாள். ஒரு சனிக்கிழமை வாசித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டு, "மாமா, இதுல உங்க பேரு வருது" என்றாள். கட்டிலில் கிடந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். அவருக்கு எண்பத்திரண்டு வயது.

பத்தியின் தலைப்பு 'ஒளிந்தோடியவனின் மகன்'. சுதீரின் அப்பா செல்லப்பன் கப்பலில் வேலை பார்த்தவர். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் அவர் கப்பலை விட்டு ஓடிவிட்டாராம். தங்கையன் என்ற கூட்டாளி முதலில் ஓடினானாம், செல்லப்பன் பின்னாலே ஓடினாராம். துறைமுக மதில் ஏறிக் குதித்ததில் கால் ஒடிந்து, கடைசிவரை நொண்டினாராம். அந்த ஓடிப்போன மனுஷனின் மகன் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை என்று முடித்திருந்தார்.

தங்கையன் என் அப்பா.

நடந்தது என்ன என்று எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். கோதுமை ஏற்றிப்போன கப்பல் ஒரு குளிர்நாட்டில் நங்கூரம் போட்டு நின்றது. அப்பா கப்பலின் வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்தது. கீழே கடலில் விழுந்தார். அப்பாவுக்கு நீச்சல் சுமார்தான். மேல்தட்டில் நின்ற செல்லப்பன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாடிவிட்டார். விழுகிற வேகத்தில் தொங்கிக்கொண்டிருந்த பலகையில் கால் அடித்து முறிந்தது. முறிந்த காலோடு அப்பாவின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், படகு வரும்வரை. கப்பல் செல்லப்பனை அந்த ஊர் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போய்விட்டது. அவருடைய கப்பல் வேலை அதோடு முடிந்தது. அப்பாவுக்கு அதற்குப் பிறகுதான் கல்யாணம். அதற்குப் பிறகுதான் நான்.

பத்தியைக் கேட்ட அன்றிலிருந்து அப்பா டீக்கடைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் சாவல்லியே மக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நீ போ. அதே பேப்பர்ல மாத்தி எழுதச் சொல்லு. அதை எனக்கு வாசிச்சுக் காட்டணும். பெறகு நான் போறேன்."

மில்லைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

எறணாகுளம் படகுத்துறையில் முதல் முட்டாள்தனம். மட்டாஞ்சேரிப் படகு எது என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் காட்டியதாக நான் நினைத்த படகில் ஏறினேன். அவர் காட்டியது அதற்கு அடுத்த படகை. நான் போய் இறங்கிய இடம் வைப்பின். இறங்கிய பிறகுதான் தெரிந்தது. படகில் கயிறு வீசுகிற ஆள் சிரித்தார். "சேச்சி, கடல்ல வழி தப்பினா பரவாயில்ல. கரையில தப்பாம இருந்தாப் போதும்." அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சற்றுமுன் கரை நெருங்கும்போது அவர்தான் கயிற்றை ஒரே வீச்சில் கம்பத்தில் மாட்டியிருந்தார். கப்பல் போனபிறகு செல்லப்பன் மாமா செய்த வேலை இதுதான். கருங்கல்காரரான அவர் கொச்சிக்கு வந்து, நொண்டிக் காலோடு, இருபத்தெட்டு வருஷம் படகில் கயிறு வீசினார். அந்தப் படகில் உட்கார்ந்துதான் மகன் பாடம் படித்து வக்கீல் ஆனான்.

வைப்பினிலிருந்து ஜங்கார் என்கிற தட்டையான பெரிய படகில் மட்டாஞ்சேரிப் பக்கம் வந்தேன். கார், பைக், ஆள், மீன்கூடை எல்லாம் ஒரே தட்டில். ஒரு மீன்காரம்மாவின் கூடைத் தண்ணீர் என் சேலையில் கொட்டியது. "அய்யோ மோளே, நல்ல அயலையாக்கும், பிடைச்ச மீனாக்கும்" என்றாள், ஏதோ அத்தர் தெளித்தமாதிரி. வக்கீலைப் பார்க்கப் போகிறவள் மீன் நாற்றத்தோடு போனேன்.

சுதீரின் ஆபீஸ் மட்டாஞ்சேரியில் சுக்கு மூட்டை அடுக்கிய ஒரு குடோனுக்கு மேலே. படி ஏறுவதற்குள் நான்கு தும்மல். தெருவில் ஆடுகள் தாமாகவே உலாத்துகின்றன, கடைக்காரன் வழிவிடுகிறான். எங்கள் ஊரில் ஆட்டை அவிழ்த்துவிட்டால் அன்று மாலையே பஞ்சாயத்து.

மேலே குமாஸ்தா மணி இருந்தார். ஐம்பது வயதிருக்கும். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். "வக்கீல் ஸார் காக்கநாட்டுல. நாளைக்கும் அங்கதான். கலெக்டர் ஆபீஸ்ல மனு. அக்காவுக்கு என்ன கேஸ்?"

"உங்க வக்கீல்மேலதான் கேஸ்" என்றேன்.

அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "மீன் விக்கிற கச்சவடமா?"

சுள்ளிக்கலில் ஒரு லாட்ஜில் தங்கினேன். இரவு சாப்பாடு கப்பையும் மீன்கறியும். எங்கள் ஊரில் அந்த மரவள்ளிக்கிழங்கை மரச்சீனி என்போம். இங்கே மீனுக்குக் குடம்புளி போட்டுச் சிவக்க வைக்கிறார்கள், நாங்கள் தேங்காய் அரைத்துப் போடுவோம். நல்ல ருசிதான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் பாதி சாப்பிடும்போது அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது ஞாபகம் வந்தது. இலையை மடித்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காக்கநாடு. அதைச் சொல்ல ஒன்றும் இல்லை. பஸ் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் பஸ் நிறைய. காதில் வயரை மாட்டிக்கொண்டு, நின்றபடியே தூங்குகிறார்கள். கலெக்டர் ஆபீஸில் மூன்று மாடி ஏறி இறங்கினேன். "இப்போதான் போனார்" என்றார்கள். எங்கே என்று கேட்டால் கையை நாலு திசையிலும் காட்டினார்கள். இந்த ஆள் மற்றவர்களுக்காக ஓடுகிறார், எனக்கு மட்டும் அகப்படவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் இருக்கை கிடைத்தும் உட்கார முடியவில்லை. கால் சும்மா இருக்க மறுத்தது.

மத்தியானம் மட்டாஞ்சேரியில் ஒரு சாயாக்கடையில் ஒதுங்கினேன். அங்கேதான் விஷயம் உடைந்தது.

மூட்டை தூக்குகிற நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேப்பரை உரக்க வாசித்தார். எனக்கு மலையாளம் வாசிக்க வராது, காதால் கேட்டால் முக்கால்வாசி புரியும். ஏதோ ஒரு திருடன் ஜெயில் சாடிவிட்டானாம்.

"பாவம். சாடி எங்க விழுந்தான்?" என்று கேட்டுவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"விழவா? அவன் எதுக்கு விழணும் சேச்சி?"

"ஜெயில்ல இருந்து சாடினான்னு சொன்னீங்களே. மதில்ல இருந்தா, மாடியில இருந்தா?"

ஒருவர் சாயாவைத் துப்பிச் சிரித்தார். "சேச்சி, ஜெயில் சாடினா தப்பிச்சு ஓடிட்டான்னு அர்த்தம். அவன் வாசல் வழியா நடந்துதான் போனான், போலீஸ்காரனுக்கு ஒரு சலாமும் வச்சிட்டு!"

இன்னொருவர், "விழுந்திருந்தா பிடிச்சிருப்பாங்களே, சேச்சியே போலீஸ்ல சேரலாம்" என்றார்.

அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். நான் பாதிச் சாயாவோடு எழுந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் சாடினான் என்றால் குதித்தான். குளத்தில் சாடுவோம், கிணற்றில் சாடுவோம். பிள்ளைகள் பாறையிலிருந்து கடலில் சாடும். கொச்சியிலும் சாடினால் குதிப்பதுதான், ஆனால் ஜெயில் சாடினான் என்றால் ஓடிப்போனான். அப்படியென்றால் கப்பல் சாடினான் என்றால்?

செல்லப்பன் மாமா என் கல்யாணத்துக்கு வந்தவர். பந்தலில் வாழைமரத்தைக் கப்பல் முடிச்சுப் போட்டுக் கட்டினார். கல்யாணம் முடிந்து அதை அவிழ்க்க ஒருத்தனாலும் முடியவில்லை, அரிவாளால் வெட்டினார்கள். அவருக்குப் பேச்சு அவ்வளவு குறைவு, முடிச்சு அவ்வளவு இறுக்கம். மகன் சின்ன வயதில் "கால் என்னாச்சு அப்பா?" என்று கேட்டிருப்பான். "கப்பல்ல சாடினது" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டப் போயிருப்பார். அவர் கருங்கல் தமிழில் சொன்னார். மகன் மட்டாஞ்சேரிக் காதால் கேட்டான்.

மறுபடியும் குடோன் படி ஏறினேன். இந்த முறை தும்மல்கூட வரவில்லை.

"மணி, வக்கீலோட அப்பா ஏதாவது எழுதி வச்சிருந்தாரா?"

அவர் முகம் மலர்ந்தது. "ஒரு நோட்டு இருக்கு, தமிழ்ல. ஸாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே. போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பினார். நான்தான் வாசிச்சுச் சொன்னேன். நான் ஸ்கூல்ல தமிழ் படிக்கல அக்கா, சினிமா போஸ்டர் பார்த்துத் தனியா படிச்சது."

போஸ்டர் பார்த்துப் படித்தவருக்கு எழுத்தைக் கூட்டத் தெரிந்திருந்தது. தப்பில்லாமல் வாசித்துக் காட்டினார். போட்டோவில் அந்தப் பக்கத்தின் கடைசி மூன்று வரி இவ்வளவுதான்: "தங்கையன் முதலில் போனான். பின்னாலே நான் சாடினேன். கால் போச்சு."

"அடுத்த பக்கம்?"

"ஸார் இவ்வளவுதான் அனுப்பினார்."

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே சுதீரின் வீட்டு வாசலில் நின்றேன். கோர்ட் சட்டை போட்டுக்கொண்டு, ஷூவுக்குள் கால் நுழைத்துக்கொண்டிருந்தார். அப்படியே செல்லப்பன் மாமாவின் நெற்றி. ஒரு நொடி எனக்குக் கோபம் போய்விட்டது. பிறகு திரும்பி வந்தது.

"கருங்கல் தங்கையன் மகள் நான்."

ஷூவை விட்டுவிட்டார். "தங்கையன்... அவர் இருக்காரா?"

"இருக்காரு. நீ எழுதினதைக் கேட்டுட்டுச் சோறு இறங்காம இருக்காரு. அந்த நோட்டை எடு."

எடுத்து வந்தார். நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினேன். அடுத்த பக்கம் மேலே, அதே பென்சில், அதே குண்டு எழுத்து. உரக்க வாசித்தேன். "வெள்ளம் ஐஸ்போல. தங்கையனுக்க முடி மட்டும் கையில் அகப்பட்டது. விடவில்லை."

அடுக்களையிலிருந்து ஒரு அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். செல்லப்பன் மாமாவின் மனைவி. கண்ணில் புரை, ஆளைக் கிட்டே வந்துதான் பார்க்கிறார். "யாரு, தங்கையன் மோளா? உன் அப்பன் முடியைப் பிடிச்சுத் தூக்கினதா அவரு சொல்லுவாரே. இப்ப முடி உண்டா தலையில?"

சுதீர் திரும்பினார். "அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாம?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்கடா கேட்டே? ஊர்ல உள்ளவனை எல்லாம் நிறுத்தி வச்சுக் கேள்வி கேப்பே. என்கிட்ட வந்தா சோறு ஆச்சான்னு மட்டும்தானே கேப்பே. பேப்பர்ல நீ எழுதறதை என் கண்ணால வாசிக்க முடியுமா? ஒரு நாள் வாசிச்சுக் காட்டினியா?"

சுதீர் நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டை வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து நகர்த்தினார். 'முடி' என்பது எது என்று கேட்டார். காட்டினேன். கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

அம்மா புட்டும் கடலையும் வைத்தார். நான் தொடவில்லை. "எப்ப திருத்தி எழுதுவே?" என்றேன்.

அங்கேதான் வக்கீல் வெளியே வந்தார்.

"அக்கா, ஒரு காரியம் கேக்கணும். என் கையில ஒரு கேஸ் இருக்கு. முதலாளி கைவிட்ட கப்பல்ல ஒன்பது பேர் குடிக்க வெள்ளம் இல்லாம கிடந்து, கடைசியில கரைக்கு ஓடினாங்க. அவங்க மேல வழக்கு. கப்பல்ல இருந்து ஓடினவன் குற்றவாளி இல்லன்னு ஜனங்களை நம்ப வச்சதே அந்த ஒரு பத்திதான். எங்கப்பாவும் ஓடினவர்னு சொன்னதுதான் அதுக்குப் பலம். இப்ப நானே அது தப்புன்னு எழுதினா, அந்தப் பக்கத்து வக்கீல் அதைத் தூக்கிப் பிடிப்பான். இவன் சொந்த அப்பனைப் பத்தியே பொய் சொன்னவன்னு சொல்லுவான். கேஸ் முடியட்டும்."

"எப்ப முடியும்?"

வக்கீலுக்கே தெரியாத ஒரே கேள்வி அது.

"எங்கப்பாவுக்கு எண்பத்திரண்டு" என்றேன்.

"நான் நேர்ல வர்றேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை வர்றேன். அவர் காலைப் பிடிச்சு மாப்பு கேக்கறேன். ஓடறது கேவலம்னு நான் எழுதலையே. பெருமைன்னுதானே எழுதினேன்?"

அதை நானும் யோசித்தேன். மில்லில் நிற்கும்போது இப்போதும் யோசிக்கிறேன். குடிக்கத் தண்ணீர் தராத கப்பலிலிருந்து ஓடியவனை நான் குற்றம் சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் ஓடுவேன். அந்த ஒன்பது பேர் விடுதலை ஆகட்டும், கோயிலில் விளக்கு வைக்கிறேன். ஆனால் ஓடியவனை ஓடினான் என்று எழுது, சாடியவனைச் சாடினான் என்று எழுது. ஒருவன் நியாயத்துக்கு இன்னொருவன் காலை ஏன் கடன் கேட்கிறாய்?

"வீட்டுக்குள்ள வந்து காலைப் பிடிச்சா, அது எங்க வீட்டுச் சுவருக்கு மட்டும்தான் தெரியும்" என்றேன். "நீ எழுதினது தெருவுல. தெருவுலதான் அழிக்கணும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டதாம். வாசலில் என்னைக் கும்பிட்டுவிட்டுப் பைக்கை எடுத்தார். அந்த அம்மா படி வரைக்கும் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். "மோளே, உன் அப்பன்கிட்ட சொல்லு. அவரு ஒருநாள்கூட வருத்தப்படல. மழைக்காலத்துல கால் கடுக்கும்போது மட்டும், தங்கையன் இப்ப என்ன செய்யறானோன்னு சொல்லுவாரு." பிறகு ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். நான் தொடாத புட்டு.

திரும்பும்போது சரியான படகில் ஏறினேன். மட்டாஞ்சேரி பின்னால் போனது. பொட்டலத்தைப் பிரித்துத் தின்றேன். பசித்தது, தின்றேன், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டது ஒரே கேள்வி. "போட்டானா?"

"போடுவான்" என்றேன். நான் சொன்ன பொய் இது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஏழு சனிக்கிழமை போய்விட்டது. ஒவ்வொரு வாரமும் தம்பி பெண்டாட்டி பேப்பரைப் பிரிப்பாள், அப்பா கட்டிலில் எழுந்து உட்காருவார். சுதீர் சாக்கடையைப் பற்றி எழுதினார். கொசுவைப் பற்றி எழுதினார். இடிந்த பாலத்தைப் பற்றி எழுதினார், நன்றாகவே எழுதினார். ஒரு வாரம், உண்மையைச் சொல்லப் பயப்படுகிற அதிகாரிகளைப் பற்றி எழுதினார். அதை வாசித்து முடித்ததும் அப்பா படுத்துக்கொண்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாரே, அதற்கும் வரவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பத்திரிகைகளில் சாடுவது என்றால் திட்டுவதாம், தம்பி சொன்னான். இருக்கட்டும். இது அந்தச் சாடல்.

தம்பி சுதீர், உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதை யாராவது உனக்கு வாசித்துச் சொல்வார்கள். இந்த முறை கடைசிப் பக்கம் வரை வாசிக்கச் சொல். உன் அப்பா உயிரோடு இல்லை, கேட்க வரமாட்டார். என் அப்பா இருக்கிறார், கேட்கிறார். எனக்குக் கடிதம் வேண்டாம், போன் வேண்டாம், வீட்டுக்கு வந்து காலைப் பிடிக்கவும் வேண்டாம். அதே பேப்பரில், அதே சனிக்கிழமைப் பத்தியில், உன் பெயர் போட்டு, எல்லோரும் பார்க்கப் பதில் சொல்.

செல்லப்பன் சாடியது கரைக்கா, கடலுக்கா?